பத்திரம்

சேவுகப்பெருமாள் வீட்டில் லேமினேட் செய்யாத காகிதம் என்று ஒன்று இருந்தால் அது சுவரில் தொங்கும் நாள்காட்டி மட்டும்தான். ரேஷன் கார்டு, பட்டா, கரண்டு இழுத்ததற்குக் கட்டிய ரசீது, மகள் கீர்த்தி ஐந்தாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்ததற்குக் கொடுத்த சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று டிரங்குப் பெட்டியில் கிடக்கும். ஒரு வருஷத்து அடைமழையில் ஓடு ஒழுகி, அவருடைய அப்பா பெயரில் இருந்த கிரயப் பத்திரம் கூழாகிவிட்டது. நகல் வாங்க ஒன்றரை வருஷம் ஆபீஸ் ஆபீஸாக நடந்தார். நடந்தவருக்குத்தானே தெரியும். அதிலிருந்து வீட்டுக்கு ஒரு காகிதம் வந்தால் போதும், எடுத்துக்கொண்டு காரைக்குடிக்கு பஸ் ஏறிவிடுவார்.

"சேவுகண்ணே, மதினியையும் ஒரு லேமினேசன் போட்டு வச்சிருங்க, மழைக்கு ஆகும்" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"சிரிங்கப்பா. ஒங்க வீட்டுப் பத்திரம் நனையுறப்பத் தெரியும்" என்பார்.

கல்லலுக்கும் காரைக்குடிக்கும் நடுவில் கண்மாய்க்கரையை ஒட்டி நாற்பது வீடுள்ள ஊர். கண்மாய் நிறைந்தால் இரண்டு ஏக்கரில் ஒரு போகம் நெல். நிறையாத வருஷம் கருவேலம் விறகு வெட்டப் போவார் சேவுகப்பெருமாள். வீட்டை உண்மையில் ஓட்டியது பொன்னுத்தாயிதான். காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையின் அடுப்படியில் பதினாறு வருஷமாக வேலை. கை முறுக்கு ஏழு சுற்றுச் சுற்றினால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். எண்ணெய் பதத்துக்கு வந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்க மாட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே வாசனையில் சொல்லிவிடுவாள்.

கீர்த்தி இவர்களுக்கு ஒரே பிள்ளை. மாப்பிள்ளை பாண்டிமுருகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. கல்யாணமாகி எட்டாவது மாதம், நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தாள். வந்த நான்காம் நாள் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்தது. பொன்னுத்தாயி அரைநாள் லீவு சொல்லிவிட்டு மகளைக் காரைக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே முப்பது பேர் காத்திருந்தார்கள். உள்ளே படுக்கவைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "கர்ப்பப்பையில கரு நல்லா இருக்கு, ஆறு வாரம். வலி கேஸ் வலிதான், பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார் அங்கிருந்த டாக்டர். ஒரு ரிப்போர்ட் தாளும், உள்ளங்கை அகலத்தில் ஒரு படமும் கொடுத்தார்கள். படத்தின் மேலே கீர்த்தியின் பெயர், தேதி, மணி. கீழே ஆறு வாரம், கர்ப்பப்பைக்குள் என்று பொருள்படும்படி இங்கிலீஷில் இரண்டு சொல்.

பஸ்ஸில் வரும்போது கீர்த்தி அந்தப் படத்தை மடியில் வைத்துப் போனில் பிடிக்கப் போனாள்.

"என்னடி பண்றே?"

"அவுகளுக்கு அனுப்பப் போறேன்."

"மூணு மாசம் போகட்டும்டி. செல்லுல ஏத்தி நாலு பேரு பாத்தா கண்ணு பட்டுரும். வாயால சொல்லு, போதும்."

கீர்த்தி சிரித்துவிட்டுப் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கொடியைப் பிடித்தபடியே சரிந்தாள். ஒரு ஆம்புலன்ஸில் ஏற்றி, இன்னொன்றுக்கு மாற்றி, சிவகங்கை போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கரு கர்ப்பப்பையிலேயே இல்லை, குழாயில் தங்கி வெடித்திருக்கிறது, உள்ளுக்குள்ளேயே ரத்தம் போயிருக்கிறது என்று அறுத்துப் பார்த்த டாக்டர் சொன்னார். "எங்கயும் ஸ்கேன் பாக்கலையாம்மா? பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே" என்று கேட்டார். பொன்னுத்தாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் மாற்றின அமளியில் ரிப்போர்ட் தாள் எங்கேயோ போயிருந்தது. படம் மட்டும் கைப்பைக்குள் மடிப்புக் கலையாத கைக்குட்டையோடு இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஸ்கேன் சென்டருக்குப் போய்க் கேட்டார்கள். டாக்டர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். நான்கு தடவை போனபோதும் டாக்டர் வெளியூரிலேயே இருந்தார். உள்ளே பெயர் கூப்பிட்டு ஆட்களை ஸ்கேனுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வக்கீல் கோபிநாத்தை அப்படித்தான் தேடிப்போனார்கள். சிவகங்கையில் ஒரு மாடியறை. அன்று கரண்டு இல்லை. கோபிநாத் ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டார்.

"இது ஒண்ணு போதும்மா. கர்ப்பப்பைக்குள்ளன்னு அவங்க கையால அடிச்சிருக்காங்க பாருங்க. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல குழாயிலன்னு இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சா நான் பேசவே வேண்டாம்."

"நஷ்ட ஈடு என்ன கேக்கணும் சார்?" என்றார் சேவுகப்பெருமாள்.

"அத நான் பாத்துக்கிறேன்."

"காசு வந்தா வருது, வராட்டிப் போகுது" என்றாள் பொன்னுத்தாயி. "தப்பு அவுக பக்கந்தான்னு அவுக வாயாலயே வரணும் சார். ஊருக்குள்ள, வலின்னு சொன்ன புள்ளைய ஆத்தாகாரி வீட்டுலயே வச்சிருந்தா போலன்னு பேசுறாக. கூட்டிட்டுத்தான் போனேன். முப்பது பேருக்குப் பின்னாடி ஒக்காந்து காட்டிட்டுத்தான் வந்தேன்."

"வரவைப்போம்மா. கரண்டு வந்தா ஒரு காப்பி எடுத்திருவேன், இன்னிக்கு வராது போல. அடுத்தவாட்டி வரும்போது கொண்டாங்க. ஒரிஜினல்தான் உயிர். இதப் பத்திரமா வச்சிருங்க."

வக்கீல் சொன்னது ஒரு பத்திரம், சேவுகப்பெருமாள் காதில் விழுந்தது இன்னொன்று. இரண்டே நாளில் அவர் காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அய்யப்பன் கடை வாசலில் நின்றார்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். ஜாதிச் சான்றிதழுக்கும் மார்க் ஷீட்டுக்கும் கூட்டம் நெரிந்தது. அய்யப்பன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டே கையை நீட்டி வாங்கினான். என்ன ஏதென்று பார்க்கவில்லை. உறைக்குள் சொருகி மெஷினில் விட்டான்.

மறுபக்கம் வந்ததைப் பார்த்துத்தான் போனைக் கீழே வைத்தான்.

"அண்ணே, இது என்ன படம்?"

"ஸ்கேன் படம்ப்பா. ஏன்?"

"அடடா. இது பஸ் டிக்கெட்டு மாதிரிப் பேப்பருண்ணே. சூட்டுல எழுதுற பேப்பரு. மெஷின் சூடு பட்டதும் முழுசும் எழுதிருச்சு. நான் போட்டோன்னுல்ல நெனச்சேன்."

"இந்தக் கறுப்ப அழிச்சிட்டுப் படத்தத் திரும்பக் கொண்டாந்துரு."

"அழிக்க ஏதுண்ணே. இனி ஒண்ணும் செய்ய முடியாது."

பெயர் இல்லை, தேதி இல்லை. ஓரத்தில் ஒரு நூலளவுகூட வெள்ளை இல்லாமல், அடுப்பில் மறந்துபோன தோசைக்கல் மாதிரி கன்னங்கரேலென்று இருந்தது. ஆனால் மேலே பிளாஸ்டிக் மட்டும் நல்ல பளபளப்பு. அய்யப்பன் அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றான். சேவுகப்பெருமாள் கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்டு வந்தார். ஏன் கொடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பட்டாவுக்கு அடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறம் வக்கீல் போன் பண்ணி "படம் இருக்குல்ல?" என்று கேட்கும்போதெல்லாம் "பத்திரமா இருக்கு சார்" என்றார். "காப்பி அனுப்புங்க" என்றால் "நேர்ல கொண்டாறேன் சார்" என்றார். கோபிநாத்தும் நூறு கேஸுக்கு நடுவில் அந்தப் படத்தை மூன்றாம் ஆவணம் என்று எழுதி, அசல் பிறகு தாக்கல் செய்யப்படும் என்று நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டுவிட்டார். மாப்பிள்ளை பாண்டிமுருகன் கையெழுத்துப் போட்டதோடு சரி. அவனுக்கு அவர்கள் வீட்டில் வேறு இடத்தில் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

புரட்டாசியில் எதிர்த்தரப்பின் பதில் வந்தது. கோபிநாத் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கர்ப்பப்பையில் கரு தெரியவில்லை, உடனே மகப்பேறு டாக்டரைப் பார்க்கவும் என்று ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதிக் கொடுத்தார்களாம். அதற்கு ஒரு நகலும் வைத்திருந்தார்கள். பழைய ஸ்கேன் மெஷினை விற்றுவிட்டதால் படங்கள் தங்களிடம் இல்லையாம். கடைசியாக ஒரு வரி இருந்தது. நோயாளியும் அவருடைய தாயாரும் காட்டிய அலட்சியமே மரணத்துக்குக் காரணம்.

"அலட்சியமா?" என்றாள் பொன்னுத்தாயி. "யாரு, நானா?"

"எழுதட்டும்மா. அந்த நகல் பின்னாடி தயார் பண்ணினது. நம்ம படத்த வச்சா இது கிழிஞ்சிரும்."

"வைப்போம் சார். இவுக அத உசுரா வச்சிருக்காக."

சேவுகப்பெருமாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தியே மழை பிடித்துக்கொண்டது. பலகாரக் கடையில் ஆர்டர் தலைக்குமேல். தேன்குழல், சீப்புச்சீடை, அதிரசம் என்று விடியற்காலையிலிருந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் வெந்துவிட்டு பொன்னுத்தாயி ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். காய்ச்சல் மாதிரி இருந்தது. உள்ளே வந்தால் டிரங்குப் பெட்டிக்கு நேர் மேலே ஓடு ஒழுகிக்கொண்டிருந்தது. சாவியை எடுத்துத் திறந்து, காகிதங்களை ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பினாள். ஒன்றும் நனையவில்லை. எல்லாமே பிளாஸ்டிக். பட்டாவுக்கு அடியில் இருந்ததை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

சேவுகப்பெருமாள் வரப்பில் உடைப்பு அடைத்துவிட்டு, தலையில் உரச்சாக்கைப் போட்டபடி வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"இங்குட்டு வாங்க. இது என்னங்க?"

அவர் கையில் செம்போடு நின்றார்.

"என்னன்னு கேக்குறேன்."

"அதுதான் புள்ள. கீர்த்தி படம்."

"கீர்த்தி படம்னா? எங்க இருக்கு அதுல?"

"லேமினேசன் போட்டேன். கருத்துப்போச்சு."

"எப்பப் போட்டீக?"

"ஆனி மாசம். வக்கீல் சார் பத்திரமா வைக்கச் சொன்னாருல்ல."

"வைக்கச் சொன்னா வைக்க வேண்டியதுதான. அதக் கொண்டுபோயி வேக வைக்கச் சொன்னாரா?"

"பத்திரம்னா... நம்ம பத்திரமெல்லாம் அப்படித்தான இருக்கு. பட்டா போட்டப்ப ஒண்ணும் ஆகல, அவ சர்ட்டிபிகேட்டுப் போட்டப்ப ஒண்ணும் ஆகல. நான் என்னத்தக் கண்டேன்?"

"சூடு வச்சுத்தான ஒட்டுறான்? பதினாறு வருசமா அடுப்படியில நிக்கிறவ ஒருத்தி வீட்டுல இருக்கேன். சூடு பட்டா என்ன ஆகும்னு என்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டிருக்கணும்."

"வக்கீல் கேக்குறப்பல்லாம் பத்திரமா இருக்கு, பத்திரமா இருக்குன்னீகளே. எப்படிங்க வாய் வந்துச்சு? நான் அங்க ஒக்காந்து, உசுரா வச்சிருக்காகன்னு ஒங்களுக்காகப் பேசிட்டு வந்தேனே."

"வேற என்ன சொல்லச் சொல்றே? எம்புள்ளையோட கடைசிக் காகிதத்த நானே கரிச்சுப்புட்டேன்னு சொல்லவா?"

"சொல்லணும். என்கிட்டயாச்சும் சொல்லணும்."

"நீ மட்டும் என்ன?" என்றார் அவர். குரல் உயரவில்லை. "அன்னைக்கு பஸ்ஸுல புள்ள செல்லுல புடிக்கத்தான பாத்தா. நீ விட்டிருந்தா இன்னைக்கு ஒண்ணுக்கு நாலாக் கெடந்திருக்கும்."

சொன்ன பிறகு செம்பைக் கீழே வைத்தார். சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கு உடனே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய. பொன்னுத்தாயி காகிதங்களை அடுக்கிப் பெட்டியில் வைத்தாள், கறுப்புத் தாளை மட்டும் வைக்கவில்லை.

ஒன்பது நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் ஜாடை பேசலாம், அப்பாவைச் சாப்பிடச் சொல்லு என்று சொல்லி அனுப்பலாம். அந்த வீட்டில் மூன்றாவது ஆள் இல்லை. அவள் கருவாட்டுக் குழம்பை வைத்து மூடிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். அவர் போட்டுத் தின்றுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

பத்தாம் நாள் காலை அவள்தான் வாய் திறந்தாள். "சட்டையப் போடுங்க. சிவகங்கை போவோம். வக்கீல்கிட்ட நானே சொல்றேன்."

கோபிநாத் முதலில் கத்தினார். அப்புறம் தாளை மேஜையில் போட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். படத்தைப் பார்த்த அன்றைக்கே கீழே இறங்கி வேறு தெருவில் ஒரு காப்பி எடுத்திருக்கலாம் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். அதை அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. லேமினேஷன் கடைக்காரனிடம் ஒரு வாக்குமூலம் வாங்கி வரச் சொன்னார். அய்யப்பன் கும்பிட்டான். "அண்ணே, தெரியாமப் பண்ணிட்டேன். எழுதிக் குடுத்தா நாளைக்கு என்னையில்ல கோர்ட்டுக்கு இழுப்பாக. புள்ளகுட்டிக்காரன், விட்டுருங்க."

விசாரணை நாள் ஐந்து தடவை தள்ளிப்போய் அடுத்த பங்குனியில் வந்தது. வெயில் அதற்குள் ஏறிவிட்டது. நுகர்வோர் ஆணையத்தில் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறி மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பறக்கவிட்டதே தவிர காற்றைக் கீழே விடவில்லை. பொன்னுத்தாயி கறுப்புத் தாளைத் தானே கொண்டுவருவேன் என்று மஞ்சள் பையில் வைத்து மடியில் வைத்திருந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல தமிழ் பேசுபவர். "அய்யா, மனுதாரர்களின் மூன்றாம் ஆவணத்தைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இது வெறும் கறுப்புத் தாள். படத்தில் இருந்த உண்மை அவர்களுக்குப் பாதகமாக இருந்திருக்கிறது. அதனால் தாங்களே அழித்திருக்கிறார்கள். இல்லையென்றால், கையில் இருந்த ஒரே ஆதாரத்தைக்கூட இவ்வளவு அலட்சியமாக வைத்திருந்தவர்கள், டாக்டர் சொன்ன அறிவுரையை எவ்வளவு அலட்சியமாக எடுத்திருப்பார்கள்? இரண்டில் எதுவாக இருந்தாலும் என் கட்சிக்காரர் பொறுப்பாக முடியாது."

அலட்சியம் என்ற சொல்லைக் கேட்டதும் சேவுகப்பெருமாள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். கையைக் கூப்பினார். கோபிநாத் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

ஆணையத் தலைவர் தாளை வாங்கினார். வயதானவர், பொறுமையானவர். கண்ணாடியை உயர்த்திக்கொண்டு ஒரு பக்கம் பார்த்தார், திருப்பி மறுபக்கம் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். பக்கத்தில் இருந்த உறுப்பினர் அம்மாளிடம் கொடுத்தார். அந்த அம்மாளும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இறந்துபோன பொண்ணோட தாயார் நீங்கதானேம்மா?"

"ஆமாங்கய்யா."

"எனக்குப் புரியுது. வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க. ஆனா இத வச்சு நான் என்னம்மா முடிவு பண்றது? இதுல என்ன தெரியுது, நீங்களே சொல்லுங்க."

பொன்னுத்தாயி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "ஒண்ணும் தெரியலங்கய்யா."

"அதுதான் சொல்றேன்."

"அன்னைக்கு எம்மகளப் படுக்க வச்சுப் பாத்தாகளே, அவுகளுக்கும் இதே மாதிரித்தாங்கய்யா ஒண்ணும் தெரியல. தெரியலன்னு சொல்லியிருந்தா நான் வேற எடத்துக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பேன். நல்லா இருக்குன்னு சொல்லிட்டாக."

எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவை மூடித் திறந்தார். டைப் அடிக்கிற பெண் விசைப்பலகையில் விரலை வைத்தபடி தலைவரைப் பார்த்தாள். "இதப் பதியணுங்களா அய்யா?"

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம்மா. அது சாட்சியம் இல்ல" என்றார்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. கோபிநாத் கூப்பிட்டு அனுப்பி வாசித்துச் சொன்னார். அசல் ஆவணத்தைப் பாதுகாக்க மனுதாரர்கள் தவறியதால் ஸ்கேன் சென்டரின் குறைபாடு நிரூபிக்கப்படவில்லை. மனு தள்ளுபடி. மகளை இழந்த பெற்றோர் மீது ஆணையத்துக்கு அனுதாபம் உண்டு என்றும் ஒரு வரி இருந்தது. அலட்சியம் யாருடையது என்பதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஊர்வாய்க்கு அது போதும்.

அன்று மாடியறையில் கரண்டு இருந்தது. மூலையில் கோபிநாத் புதிதாக வாங்கிப்போட்டிருந்த ஜெராக்ஸ் மெஷின் பச்சை விளக்கு எரிய நின்றது. சேவுகப்பெருமாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல அப்பீல் போகலாம்மா" என்றார் கோபிநாத். "நாப்பத்தஞ்சு நாள் டைம் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க." உத்தரவை ஒரு காக்கி உறையில் போட்டு மேஜைமேல் நகர்த்தினார். "இது ஒரிஜினல். அப்பீலுக்கு வேணும். பத்திரமா வச்சிருங்க."

சேவுகப்பெருமாள் கை நீளவில்லை. அவர் பொன்னுத்தாயியைப் பார்த்தார்.

அவள் உறையைத் திருப்பி வக்கீல் பக்கமே தள்ளினாள். "நீங்களே வச்சுக்கங்க சார். எங்க வீட்டுல பத்திரமா வச்சது எதுவும் தங்கல."

பிறகு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, "வாங்க, கல்லல் பஸ்ஸு போயிரும்" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.